துக்க வீட்டில் மரக்கன்று எதற்கு?

இயற்கையின் அழிவைக் கண்டு நம் இளையோர் அஞ்சுகிறார்கள், உள்ளுக்குள் துயருறுகிறார்கள் என்று சொன்னால் நம்மிடையே இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. ஒன்று, "கடவுள் பார்த்துக்கொள்வார்." மற்றது, "வாருங்கள், மரக்கன்று நடுவோம்." முதல் விடை துயரத்தை விசுவாசக் குறைவாக்குகிறது. இரண்டாவது, அழுகிறவன் கையில் மண்வெட்டியைத் திணித்து அவன் வாயை அடைக்கிறது. இரண்டையும் மறுக்கவே எழுதுகிறேன்.

இது பட்டணத்துப் பிள்ளைகளின் சொகுசுக் கவலை என்பாரும் உளர். 2021-இல் 'லான்செட்' குழும இதழொன்றில் வெளிவந்த ஆய்வு, இந்தியா உட்படப் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயது வரையிலான பத்தாயிரம் பேரிடம் கேட்டது. 59 விழுக்காட்டினர் காலநிலை மாற்றத்தை எண்ணிப் பெரிதும் கவலையுறுவதாகச் சொன்னார்கள். அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களின் நடுவே வாழ்ந்த மக்களைக் கண்ட கிளென் ஆல்பிரெக்ட் என்ற மெய்யியலாளர், அவர்களது நோவுக்குச் 'சோலஸ்டால்ஜியா' என்று பெயரிட்டார். ஊரை விட்டுப் போனவனின் ஏக்கமன்று அது. ஊரிலேயே இருக்க, ஊர் தன்னை விட்டுப் போவதைக் காண்பவனின் ஏக்கம். சுரங்கத்தருகே வாழ்ந்த அம்மக்களின் துயரத்தில் சொகுசு எங்கே இருக்கிறது?

தொலைதூரம் போவானேன்? திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு இருக்கிறது. சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயத்தின் வாசல் அது. ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அந்தச் சரணாலயம், 2021 பிப்ரவரியில் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. நல்ல செய்திதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அணிலின் வாழ்வைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அது கிளைக்குக் கிளை தாவியே இரை தேடும், கூட்டுக்கு மீளும். கிளைகள் ஒன்றையொன்று தொடாத இடத்தில் அதற்குப் பாதை முடிந்துவிடும். ஓடைக்கரையில் நாலு மரம் விழுந்தால் போதும்; நம் கண்ணுக்குக் காடு காடாகவே இருக்கும், அணிலுக்கோ அது இரண்டு தீவுகள். சட்டம் எல்லைக்கல்லைக் காக்கும். பருவமழை தவறாமல் வரும்படி அதனால் காக்க முடியுமா? கோடையில் பற்றும் தீயை அறிவிப்புப் பலகை அணைக்குமா?

இத்தகைய இழப்பில் பிணம் விழுவதில்லை. நமக்கோ, பிணம் இருந்தால்தான் துக்கம். "மனிதர் சாகையில் அணிலுக்கு அழுவதா?" என்று கேட்கும் வாய்க்கும் இதுவே காரணம். அந்த மலையில் இறங்கும் நீர் அடிவாரத்துத் தோப்புகளுக்கும் கண்மாய்களுக்கும் வருகிறது என்பது கேட்பவருக்குத் தெரியாததன்று.

பிணம் கிடைக்காத துக்கத்தையும் ஏந்தத் தெரிந்த திருச்சபைதான் நம்முடையது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடற்கரை மீனவர்களை வாரிக்கொண்டு போயிற்று; பலரது உடல் கரை சேரவே இல்லை. அந்த ஊர்கள் தனித்தனி வீடுகளாகக் கதவடைத்து அழவில்லை. கோவில் முற்றத்தில் ஒன்றாக அழுதன. டிசம்பர் 7-ஆம் நாள் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டு அமர்ந்தன. குருக்களும் உடன் அமர்ந்தனர். அழுகை செயலை முடக்கிவிடும் என்று அஞ்சுவோர் அந்தத் தண்டவாளத்தை நினைத்துப் பார்க்கட்டும். அழுதவர்கள்தான் அங்கே கேள்வி கேட்டார்கள்.

தமிழ்ச் சாவு வீட்டுக்குப் போகிறவர் யாரும், "கவலைப்படாதே, ஆகவேண்டியதைப் பார்" என்று தொடங்குவதில்லை. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். இறந்தவரின் குணம், கொடுத்தது, பட்டது எல்லாம் அதில் வரும். கணக்கு ஒப்புவிப்பது போன்ற அழுகை அது. துக்கம் விசாரிக்க ஆள் வராத வீட்டில்தான் துக்கம் நோயாக முற்றுகிறது. உறக்கமும் உணவும் கெட்டுப்போன பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லத்தான் வேண்டும்; அதில் வெட்கத்துக்கு இடமில்லை. ஆயினும் ஊருக்கே நேர்ந்த இழப்பை ஒருவரது மூளைக் கோளாறாகச் சுருக்கி, மூச்சுப் பயிற்சி சொல்லி அனுப்பிவிடுவது நேர்மையாகாது.

விசுவாசத்தைக் காட்டி வாயடைப்போர் விவிலியத்தைப் புரட்டட்டும். நிலம் எதுவரை புலம்பும் என்று கேட்டவர் எரேமியா. படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் தவிக்கிறது என்றவர் பவுலடியார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் விடுத்த 'லௌதாத்தோ சீ' மடலின் 19-ஆம் பத்தி இன்னும் வெளிப்படை: செய்தி சேர்ப்பது போதாது, உலகுக்கு நேர்வதைத் தன் சொந்த வேதனையாக்கிக்கொள்ளத் துணிய வேண்டும் என்கிறது, நாம் செய்யக்கூடியது அதன் வழியாகவே புலப்படும் என்கிறது. வேதனை முன்னே, மண்வெட்டி பின்னே. இந்த வரிசையைத்தான் நாம் தலைகீழாக்கிவிட்டோம். நட்ட கன்றுக்கு இரண்டாம் கோடையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் போவது ஏன் என்பதற்கும் விடை இங்கேதான் கிடைக்கும் என்று நினைக்கிறேன். இழந்ததை அறியாதவன் நட்டதையும் மறப்பான்.

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உலாவ வருகிறவனின் துயரமும் செண்பகத்தோப்பில் குடியிருக்கும் பளியரின் துயரமும் ஒன்றல்ல. தேனும் கிழங்கும் தேடி அந்த மலையிலேயே வாழ்ந்த மக்கள் அவர்கள். காடு குன்றினாலும் அவர்களுக்கு இழப்பு. காட்டைக் காக்கிறோம் என்று வாசலை அடைத்தாலும் அவர்களுக்கே இழப்பு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை ஒதுக்கிவிட்டு அணிலுக்காக மட்டும் உருகுவது பாதி அழுகை. அவர்களை மேடையேற்றிப் பேசவைத்துக் கண்ணீர் வடிப்பதோ அதனினும் மோசம்.

செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை படைப்பின் காலம் என்று கொண்டாடுகிறோம். அதன் நடுவே செப்டம்பர் 15 அன்று வருவது வியாகுல அன்னையின் திருநாள். யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் இராகமிட்டு ஓதிய மரபு நமக்கு உண்டு. புலம்பலைக் கூட்டாகச் சொல்லும் குரல் இன்னும் நம் பாட்டிமாரின் தொண்டையில் இருக்கிறது. அந்த மாலை ஒன்றிலேனும், பங்குகள் தங்கள் கண்மாய்க் கரையில் கூடட்டும். வற்றிய ஓடை, வெட்டுண்ட மரம், வராமற்போன பறவை என்று ஊர் முதியோர் பெயர் சொல்லி அழைக்க, மற்றவர் பதில் சொல்லட்டும். சொற்பொழிவு வேண்டாம், நிழற்படக்காரரும் வேண்டாம். காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். கண்மாய்க் கரையில் அமர்ந்து அழ யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.