ஏர் படாத புல்தரையில் புல்டோசர்!

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ராக்போர்டு என்று ஒரு நகரம். அங்கே விமான நிலையத்தின் ஓரத்தில் ஒரு புல்தரை இருந்தது. ஏர் படாத பூமி. 2023-ம் ஆண்டு மார்ச் மாதம், சாலை போடுவதற்காக அதன்மேல் புல்டோசரை ஓட்டினார்கள். ஒரு பகுதி மண்ணோடு மண்ணாகியது.

ஊரில் பலர் கொதித்தார்கள். புல்லுக்காகவா இத்தனை சண்டை?

காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் இல்லினாயில் சுமார் 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் புல்வெளி இருந்தது. ஆள் மறையும் அளவுக்குப் புல்! 1837-ல் ஜான் டீர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பை செய்தார். பின்னிக் கிடந்த வேர்கள் அறுந்தன. புல்வெளி மக்காச்சோள வயல் ஆயிற்று. கெடாமல் மிஞ்சியது சுமார் 2,500 ஏக்கர்தான். அதுவும் ரயில் பாதை ஓரத்திலும், பழைய கல்லறைத் தோட்டங்களிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. புதைத்த இடத்தில் ஏர் ஓட்ட யாருக்கு மனம் வரும்?

தெரியாதவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே புல்தான். தெரிந்தவர்கள் கிட்டே போய்ப் பார்க்கிறார்கள். கதிர் மூன்றாகப் பிரிந்து வான்கோழிக் கால் போல் இருக்கிறதா? அது 'பிக் புளூஸ்டெம்'. அந்த மண்ணின் புல். இலையின் நடுவில் இங்கிலீஷ் 'டபிள்யூ' எழுத்துப் போல் மடிப்பு விழுந்திருக்கிறதா? அது 'ஸ்மூத் புரோம்'. தீவனத்துக்காக வெளியிலிருந்து கொண்டு வந்த புல்.

பூச்செடிகளும் உண்டு. மஞ்சள் பூப் பூக்கும் 'திசைகாட்டிச் செடி' தன் இலை விளிம்புகளை வடக்கு தெற்காகத் திருப்பி நிற்கும். 'மில்க்வீட்' இலையைக் கிள்ளினால் பால் வடியும். நம் எருக்குக்கு அது உறவு! 'மொனார்க்' வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அந்த இனத்துச் செடிகளை விட்டால் வேறு இரை கிடையாது.

ராக்போர்டில் 2021-லேயே ஒரு முறை வேலை நின்றது. அழிந்து வரும் ஒரு வகைப் பெரிய தேனீயை அங்கே கண்டார்கள். 2017 முதல் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. புல்தரைக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால்தான் புல்டோசர் திரும்பி வந்தது.

திரும்ப விதைத்தால் என்ன? விதைக்கிறார்கள். பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில், மேடிசன் நகரத்தில் 1930-களில் தொடங்கிய வேலை இன்னும் முடிந்தபாடில்லை. விதை வேண்டுமே! மிஞ்சிய துண்டு நிலங்கள்தான் விதைப் பண்ணை. இலையுதிர் காலம் வந்ததும் தொண்டர்கள் பையோடு போய், வான்கோழிக் கால் கதிரைத் தேடி உருவுகிறார்கள்.