தாடி ஓணானுக்கு எந்தத் தரை?

 

இந்த மாதம் ஓர் ஓணானைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால் சிலர் சிரிப்பீர்கள். "மௌலவிக்கு எழுத வேறு விஷயம் கிடைக்கவில்லையா?" என்றும் கேட்பீர்கள். தயவு செய்து பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்களில் பலருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அவுஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் வசிக்கிறார்கள். அந்த நாடுகளில் பூனை, கிளி வளர்ப்பது போல ஓணான் வளர்க்கும் வீடுகளும் உண்டு. என் ராத்தாவின் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

ராத்தா குடும்பத்தோடு மெல்பேர்னில் இருக்கிறார். இளைய மகனுக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் நல்ல பெறுபேறு எடுத்தான் என்று அவனுடைய வாப்பா ஒரு தாடி ஓணான் குஞ்சு வாங்கிக் கொடுத்தார். கண்ணாடிக் கூடு, சூட்டு விளக்கு எல்லாம் சேர்த்தே வாங்கினார்கள். கூட்டின் தரையில் பரப்புவதற்கென்று நிறம் போட்ட மணல் பக்கற் ஒன்றையும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். "இது சாதாரண மணல் அல்ல, கல்சியம். தின்றாலும் சமித்துவிடும்" என்று அந்தப் பக்கற்றில் எழுதியிருந்ததாம்.

ஆறு வாரம் கழிந்தது. குஞ்சு இரை எடுப்பதை நிறுத்தியது. மலம் போகவில்லை. பின்னங்கால்களை இழுத்து இழுத்து நகர்ந்தது. மிருக வைத்தியரிடம் கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தபோது குடல் முழுவதும் வெள்ளையாகத் தெரிந்தது. அத்தனையும் அந்த மணல். அன்றிரவே குஞ்சு செத்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து ராத்தா தொலைபேசியில் பேசினார். "தம்பி, செத்தது ஒரு ஓணான்தான். ஆனா புள்ள ஒழுங்காச் சாப்பிடுறானில்ல. நீங்க கொஞ்சம் பேசுங்க" என்றார். மருமகன் சலாம் சொன்னான். பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கடைசியில், "மாமா, அத நான்தானே மௌத்தாக்கினேன்?" என்று கேட்டான்.

இருபது வருடமாக மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி வருகிறேன். இந்தக் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை.

பூனையைக் கட்டி வைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் ஹதீஸை நீங்கள் அறிவீர்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வந்திருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அதை வகுப்பில் ஓதிக் கொடுக்கிறேன். அந்தப் பெண் உணவு கொடுக்கவில்லை என்பதோடு, பூமியிலுள்ளதைத் தானே தேடித் தின்னவும் அதை விடவில்லை என்று இன்னொரு பகுதியும் அதில் உண்டு. அந்தப் பகுதியை நான் பெரும்பாலும் சொல்லிலக்கணம் விளக்கிவிட்டுக் கடந்து போய்விடுவேன். அன்றுதான் அதில் தங்கி யோசித்தேன். என் மருமகன் அந்தக் குஞ்சுக்கு வேளை தவறாமல் உணவு கொடுத்தான். ஆனால் ஒரு ஜீவனை அடைத்து வைக்கும்போது அதை அதன் பூமியிலிருந்தே பிரித்து விடுகிறோம். அந்தப் பூமி அதற்குச் செய்து வந்த அத்தனை காரியமும் அப்போது நம் தலையில் விழுகிறது. காலுக்குக் கீழே உள்ள தரையும் அதில் ஒன்று.

அவனிடம் இவ்வளவுதான் சொன்னேன்: "மகன், தெரியாமல் நடந்ததற்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேளுங்கள். ஆனால் தெரிந்து கொள்ளாமல் இன்னொன்றைக் கொண்டு வர வேண்டாம்."

அவன் தெரிந்து கொள்ளத் தொடங்கினான். மிருக வைத்தியரிடம் கேட்டான், நூலகத்தில் படித்தான், எனக்கும் சொன்னான். நானும் தேடிப் படித்தேன். அப்படிச் சேர்ந்ததைத்தான் இங்கே தருகிறேன்.

இந்தப் பிராணியை ஆங்கிலத்தில் 'பியேர்டட் டிராகன்' என்கிறார்கள். பெயர்தான் பயங்கரம், சுபாவம் சாது. கழுத்தின் கீழே முள் முள்ளாக இருக்கும் தோலைக் கோபம் வந்தால் ஊதிக் கறுப்பாக்கிக் காட்டும். அதுதான் தாடி. குஞ்சு சுமார் 10 சென்ரிமீற்றர் இருக்கும். வளர்ந்தால் வாலோடு 60 சென்ரிமீற்றர் வரை நீளும். நன்றாகப் பராமரித்தால் பத்து வருடம் வாழக் கூடியது. தாயகம் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அந்நாட்டிலும் பெரும்பாலான மாநிலங்களில் இதை வளர்க்க அனுமதிப்பத்திரம் வேண்டும்.

வறண்ட நாடு என்றதும் நமக்கு மணல் மேடுதான் ஞாபகம் வருகிறது. இந்த ஓணான் பெரும்பாலும் வாழ்வது வெயிலில் காய்ந்து இறுகிய செம்மண் நிலத்தில். அங்கே கல்லும் புதரும் விழுந்து கிடக்கும் மரமும் இருக்கும். வேலிக் கம்பத்தின் உச்சியில் ஏறி வெயில் காய்வதும் அதன் வழக்கம். காலை வைத்தால் புதையும் தளர்ந்த மணலில் முழு நாளும் கிடந்து பழகிய பிராணி அல்ல அது.

அடுத்து, அது உண்ணும் முறையைப் பாருங்கள். நாக்கை நீட்டி இரையை ஒட்ட வைத்து வாய்க்குள் இழுக்கும். சில்வண்டு நிற்கும் இடத்தில் மணல் இருந்தால் மணலும் சேர்ந்தே போகும். புதிய இடத்தை நாக்கால் தொட்டுப் பார்ப்பதும் அதன் பழக்கம். உடம்பில் கல்சியம் குறைந்தால் மண்ணை வேண்டுமென்றே தின்பதும் உண்டு. கர்ப்பிணிகள் சிலருக்கு மண்ணிலும் சாம்பலிலும் ஆசை வருவதை நம் மூத்த பெண்கள் அறிவார்கள்.

அப்படியானால் கல்சிய மணல் நல்லதுதானே என்று கேட்கலாம். அந்த மணல் கல்சியம் காபனேற்று. முட்டைக் கோதில் இருப்பதும் அதே பொருள்தான். கொஞ்சம் போனால் கரையும். நிறையப் போனால் இரைப்பையின் அமிலத்தை முறித்துவிடும். பிறகு ஈரத்தில் கட்டியாகிக் குடலை அடைக்கும். கல்சியம் தேவைதான். அதைத் தூளாக இரையின் மேல் தூவிக் கொடுக்க வேண்டும், தரையில் கொட்டக் கூடாது.

தவிர்க்க வேண்டியவை இன்னும் உண்டு. அக்ரூட் ஓட்டை நொறுக்கி விற்பார்கள். அதன் விளிம்பு கூர்மையானது, குடலைக் கீறும். சோளப் பொத்தித் தூள் ஈரம் பட்டால் ஊதிப் பூஞ்சணம் பிடிக்கும். பைன், சீடார் மரச் சீவலின் வாசனை எண்ணெய் சுவாசத்துக்குக் கெடுதி. பூனை மலங்கழிக்கும் மணல் ஈரத்தில் கட்டியாகவென்றே செய்யப்பட்டது. அதைக் கூட்டுக்குள் சேர்க்கவே கூடாது.

எது நல்லது? குஞ்சுக்கும், நோயாளிப் பிராணிக்கும், வீட்டுக்குப் புதிதாக வந்ததற்கும் கடதாசியை விடச் சிறந்தது இல்லை. சமையலறையில் துடைக்கும் கடதாசிச் சுருள் போதும். விலை குறைவு, தினமும் மாற்றலாம். மலம் போகிறதா, அதில் இரத்தம், புழு ஏதும் உண்டா என்பதும் உடனே தெரியும். தாய் பிள்ளையின் துணியைப் பார்த்து வயிற்றின் நிலையை அறிவது போலத்தான்.

வளர்ந்த பிறகு சொரசொரப்பான டைல்ஸ் அல்லது சிலேற்றுக் கல் பதிக்கலாம். வழுக்கும் பளபளப்பு டைல்ஸ் வேண்டாம். கல் சூட்டை வாங்கி வைத்துக் கொள்ளும், நகத்தைத் தேய்த்துக் கொடுக்கும், துடைப்பதும் எளிது. கார்பட் விரிப்பவர்களும் இருக்கிறார்கள். அதன் நூலில் நகம் சிக்கிக் கிழியாமல் பார்க்க வேண்டும். அழுக்கும் கிருமியும் உள்ளே தங்கும் என்பதால் இரண்டு துண்டு வைத்துக் கொண்டு மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும்.

பசளை கலக்காத மண்ணோடு சுத்தமான மணலைச் சேர்த்து, நனைத்து இறுக்கி, நன்றாகக் காயவிட்டு, அதன் தாயகத்து நிலம் போலத் தரை அமைப்பவர்களும் உண்டு. தோண்டுவதற்கும் நடப்பதற்கும் அதுவே இயற்கை என்பது அவர்கள் கருத்து. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது நல்ல சுகத்தோடு இருக்கும் வளர்ந்த பிராணிக்கே பொருந்தும். உணவைத் தரையில் விடாமல் பாத்திரத்தில் வைக்க வேண்டும்.

தரையை மாற்றியதோடு கடமை முடிந்துவிடாது. மிருக வைத்தியர் ராத்தாவிடம் முதலில் கேட்டதே கூட்டின் சூட்டைப் பற்றித்தான். இந்தப் பிராணியின் வயிறு வெளிச்சூட்டில்தான் வேலை செய்யும். விளக்கின் கீழே 38 முதல் 42 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். மறு பக்கம் 25 பாகை அளவில் குளிர்ந்திருக்க வேண்டும். ராத்தாவின் வீட்டுக் கூட்டில் வெப்பமானியே இருக்கவில்லை. கல்சியம் உடம்பில் சேரப் புற ஊதா விளக்கும் வேண்டும். இரை அதன் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை விடப் பெரிதாக இருக்கக் கூடாது. சூடும் நீரும் கல்சியமும் குறைந்த குடலில் கொஞ்ச மணலும் அடைத்துக் கொள்ளும். இரை எடுக்காமை, முக்குதல், வயிறு வீங்குதல், பின்னங்கால் இழுத்தல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் எண்ணெய், கைவைத்தியம் என்று நாளைக் கடத்தாமல் வைத்தியரிடம் ஓட வேண்டும்.

ஒரு வருடம் கழித்து, அனுமதிப்பத்திரம் எடுத்து, மருமகன் இன்னொரு குஞ்சு வாங்கினான். முதலில் கடதாசி, பிறகு டைல்ஸ். சூடு பார்க்க இரண்டு வெப்பமானி. அது நன்றாக வளர்ந்தது. பெண் என்பதும் தெரிய வந்தது.

ஒரு நாள் அது இரையை விட்டுவிட்டு, கூட்டின் மூலையில் டைல்ஸை இரு கையாலும் விடாமல் பறண்டத் தொடங்கியது. முந்தியது போல நோய் என்று மருமகன் பயந்து போனான். ராத்தா வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "மகன், இதுக்கு வருத்தமில்ல. இது புள்ளத்தாச்சி. இடம் தேடுது" என்றாராம். மூன்று பிள்ளை பெற்றவருக்கு அந்தத் தவிப்பு விளங்கியிருக்கிறது.

வைத்தியரும் அதையே சொன்னார். ஆணோடு சேராவிட்டாலும் பெண் ஓணான் கருக்கட்டாத முட்டைகளை இடும். தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும். முதல் குஞ்சைக் கொன்ற மணல்தான் இப்போது இந்தத் தாய்க்கு வேண்டியிருந்தது. ஓர் அகலமான பெட்டியில் ஓரடி ஆழத்துக்கு மண்ணும் மணலும் கலந்து, தோண்டினால் குழி சரியாத அளவுக்கு ஈரமாக்கி வைத்தார்கள். அடுத்த நாள் பத்தொன்பது முட்டை. மேலே மண்ணை மூடித் தலையால் தட்டிவிட்டு வந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக் கொண்டதாம். மருமகன் எனக்கு அதைச் சொன்னபோது அவன் குரலில் பழைய சந்தோஷம் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

ஆகவே எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் ஒரே தரை என்று எதுவும் இல்லை. குஞ்சா, வளர்ந்ததா, நோயாளியா, முட்டையிடப் போவதா என்று பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். பக்கற்றில் எழுதியிருப்பதை நம்பிவிட்டு அந்த ஜீவனைப் பார்க்காமல் இருப்பதுதான் தவறு.

தாய்மாருக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. இவ்வகைப் பிராணிகளின் மலத்தில் சல்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். பிராணி சுகமாகத் தெரிந்தாலும் இருக்கலாம். தொட்ட பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். கூட்டின் டைல்ஸையும் பாத்திரத்தையும் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இப்பிராணி ஏற்றதல்ல.

வெளிநாட்டிலிருந்து பேரப்பிள்ளை "எனக்கு ஒரு ஓணான் வேணும்" என்று தொலைபேசியில் சொன்னால் சிரித்துவிட்டு விடாதீர்கள். "அதற்கு எந்தத் தரை போடப் போகிறாய்?" என்று கேளுங்கள். பதில் தெரிந்த பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கலாம். தெரியாத பிள்ளையை முதலில் நூலகத்துக்கு அனுப்புங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.