நூற்றுக்கு நூறு

"குறையே இல்லாமல் செய், இல்லாவிட்டால் செய்யாதே" என்பது நம் மத்தியதர வர்க்கத்தின் வேதமாகிவிட்டது. இந்த வேதம் பொய் என்று சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் குடியிருக்கும் மேற்கு மாம்பலத்தில் இதற்குப் பக்தர்கள் அதிகம். தொண்ணூற்றெட்டு மார்க் வாங்கி வரும் பெண்ணிடம், "மீதி இரண்டு எங்கே போச்சு?" என்று கேட்காத தகப்பனார் எங்கள் தெருவில் அபூர்வம். பொதுத்தேர்வுகளில் மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதைத் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை 2017-ல் நிறுத்திவிட்டது. சர்க்காருக்கு வந்த அந்த விவேகம் நம் வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. பத்திரிகையிலிருந்து போன பட்டியல், சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டது.

"உயர்ந்ததை விரும்புவது குற்றமா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. ஒரு தச்சன் இழைப்புளியை இன்னொரு தரம் ஓட்டுகிறானென்றால், மரத்தின்மேல் அவனுக்குள்ள பிரியம் அது. நான் சொல்லுகிற வியாதியில் பிரியம் கிடையாது, பயம்தான் உண்டு. 'என் குறையை யாராவது கண்டுவிட்டால் நான் ஒன்றுமில்லாதவனாகிவிடுவேன்' என்ற பயம். இந்தப் பயத்தினால் எந்த வேலையும் உயர்ந்ததில்லை, நின்றுதான் போயிருக்கிறது. சுருதி கொஞ்சம் விலகிவிட்டதென்று பாட்டை நிறுத்திய பெண்களும், முதல் அத்தியாயத்தையே பத்து வருஷமாகத் திருத்திக்கொண்டிருக்கும் எழுத்தாளர்களும் எத்தனை பேர்!

இந்த வியாதியின் வரலாற்றில் மறக்கக்கூடாத நோயாளி ஒருவர் உண்டு. 1505-ல் எர்ஃபுர்ட் நகரத்து அகஸ்தீனிய மடத்தில் சேர்ந்த மார்ட்டின் லுத்தர்தான் அவர். உபவாசம், கண்விழிப்பு, ஜபம் எதிலும் குறை வைக்கவில்லை. அற்பப் பிழைகளையும் விடாமல் மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்வார், முடித்துவிட்டு வெளியே வந்ததும், சொல்லாமல் விட்ட ஒன்று ஞாபகம் வரும், திரும்பவும் ஓடுவார். கடவுளை ஒரு பரீட்சை அதிகாரியாகவே அவர் கண்டார். விட்டன்பர்க்கில் பவுலின் நிருபங்களைப் பாடம் சொல்லும்போதுதான், மனிதன் கடவுளுக்கு முன் நிற்பது தன் மார்க்கினால் அல்ல, கிருபையினால் என்று அவருக்குப் புலப்பட்டது.

"கிருபை உண்டென்றால் மனிதன் சோம்பேறியாகிவிடுவானே!" என்பது பழைய ஆட்சேபம். லுத்தர் சோம்பேறியானாரா? 1521-ன் கடைசியில் வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்தபோது தொடங்கி, சுமார் மூன்று மாதத்துக்குள் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் ஆக்கிவிட்டார். 1522 செப்டம்பரில் அது அச்சாயிற்று. சாகும்வரை திருத்திக்கொண்டும் இருந்தார். பயம் போனபின்தான் உழைப்பு வந்தது.

தமிழிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. லுத்தரின் வழியில் வந்த சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். இரண்டே வருஷத்தில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி, 1711-ல் முடித்து, 1714-லும் 1715-லும் அச்சிட்டார். அந்தத் தமிழில் பிழைகள் மலிந்திருந்தன. வீரமாமுனிவர் அதைக் கடுமையாகவே எள்ளினார். அவர் எள்ளியதில் நியாயமும் உண்டு. ஆனால் சீகன்பால்க் 1719-ல், முப்பத்தாறு வயதில், இறந்துபோனார். 'தமிழ் வசப்படட்டும், பிறகு பார்க்கலாம்' என்று காத்திருந்தால் அவர் கையிலிருந்து நமக்கு ஒரு பக்கம்கூட வந்திராது. தன் மதிப்பு தன் இலக்கணத்தில் தொங்கவில்லை என்று நம்பியவனுக்கே அப்படி அச்சுக்குக் கொடுக்கும் துணிவு வரும் என்பது என் அபிப்பிராயம்.

பிறகு நம் சென்னை வேப்பேரியில் இருந்த பப்ரீஷியஸ் வந்தார். வார்த்தை வார்த்தையாகத் திருத்தினார். அவருடைய புதிய ஏற்பாடு 1772-ல் வெளியாயிற்று. பழைய ஏற்பாடு முற்றும் அச்சேறியது 1796-ல். அதற்கு ஐந்து வருஷம் முன்பே அவர் கண்ணை மூடிவிட்டார். அவருக்குப் பின் ரேனியஸ், அப்புறம் 1871-ல் பவர் குழுவினர். யாருடையதும் கடைசிச் சொல்லாகவில்லை. முதல்வன் பிழையோடு கொடுத்தான். அதனால்தான் மற்றவர்களுக்குத் திருத்த ஏதோ இருந்தது.

"இயேசுவே மலைப்பிரசங்கத்தில் பூரணமாயிருக்கச் சொன்னாரே?" என்று வேதம் படித்தவர்கள் மடக்கலாம். அந்தக் கட்டளைக்கு முன்னால் இருப்பதையும் படியுங்கள். நல்லவன்மேலும் கெட்டவன்மேலும் சூரியன் உதிப்பதை, மழை பெய்வதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் அங்கே வருகிறார். வஞ்சனையில்லாமல் அன்பு செலுத்தும் பூரணம் அது. கைப்பிழை பார்க்கும் பூரணம் அல்ல.

நான் ஞானஸ்நானம் பெற்றவனல்ல. யாரையும் பெறச் சொல்லவும் இல்லை. கோதண்டராமர் கோயிலைச் சுற்றி வாழும் எங்கள் பேட்டைக்கு இந்த விஷயம் அந்நியமும் அல்ல. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும்; பூனைக்குட்டியையோ தாயே கவ்விக்கொண்டு போகும் என்று வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுகளாக வாதித்தது இந்தக் கிருபையைப் பற்றித்தானே! வாயில் அத்தனை சித்தாந்தத்தையும் வைத்துக்கொண்டு, வீட்டில் மட்டும் பிள்ளைகளை மார்க்கட்டில் சரக்குப்போல் நிறுக்கிறோமே, இது என்ன பக்தி?

கெட்ட குமாரன் கதையை எல்லோரும் இளையவனுக்காகச் சொல்லுகிறார்கள். எனக்குக் கவலை மூத்தவனைப் பற்றித்தான். அவன் ஒரு கட்டளையையும் மீறாதவன். நூற்றுக்கு நூறு வாங்கியவன். வீட்டுக்குள் ஆட்டமும் பாட்டும் நடக்க, அவன் வாசலில் கோபித்துக்கொண்டு நிற்கிறான். அவனையும் தகப்பன்தான் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா என்று கதை சொல்லவில்லை.

நம் வீடுகளில் நாம் வளர்த்துக்கொண்டிருப்பதெல்லாம் அந்த மூத்த மகன்களைத்தான். அந்தத் தகப்பன் விருந்துக்கு முன்னால் கணக்குக் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். முதலில் சோற்றைப் போடுங்கள்.