கல்யாண வீடியோவைச் சுருக்கும்போது...

கல்யாண வீடியோ இடத்தை அடைக்கிறதா? கம்ப்யூட்டரில் 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருள் சுருக்கித் தரும். அதில் தரத்துக்கு ஓர் எண் கேட்கும். பரீட்சை மார்க் பார்த்தே பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான். எண் கூடினால் தரம் குறையும்! எச்.264 முறையில் இந்த எண் 0 முதல் 51 வரை. ஃபுல் எச்டி வீடியோவுக்கு 20 முதல் 24 வரை போதும். 6 கூட்டினால் ஃபைல் சைஸ் ஏறக்குறைய பாதியாகும்.

முதலில் தாலி கட்டும் ஒரு நிமிடத்தை மட்டும் சுருக்கி டிவியில் பாருங்கள். போனின் சின்னத் திரையில் குறை தெரியாது. சேலைச் சரிகை குழைந்து, இருட்டுப் பகுதி கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எண்ணில் 2 குறையுங்கள்.

ஒரிஜினலை மட்டும் அழித்துவிடாதீர்கள். சுருக்கியதில் போன விவரத்தை எந்த மென்பொருளாலும் அப்படியே மீட்க முடியாது.