அன்பினால் அழுகும் கள்ளி



சுங்கை ரம்பாய் வட்டாரத்தில் நான் காணும் பள்ளித் தோட்டங்களிலும் வீட்டு வாசல்களிலும் தொட்டியில் நிற்கும் தூண்கள்ளிக்கும் ரோஜாவுக்கும் ஒரே குவளைதான். நாள்தோறும் நீர்! இதற்குப் பெயர் பராமரிப்பா?

தூண்கள்ளி அமெரிக்கக் கண்டத்து வறண்ட நிலங்களுக்குரியது. அதன் தண்டே நீர்க்கிடங்கு. நீர் சேர்ந்தால் தண்டின் மடிப்புகள் விரியும், குறைந்தால் சுருங்கும். நீரிழப்பைத் தவிர்க்க அது தன் நுண்துளைகளை இரவில்தான் திறக்கிறது. மழையும் ஈரக்காற்றும் மிகுந்த மலாக்காவில் நாள்தோறும் நீரூற்றினால் வேருக்குக் காற்று கிடைக்காது. வேர் அழுகும், அடித்தண்டு குழையும்.

செய்யவேண்டியது எளிது. அடியில் துளையுள்ள தொட்டி, மணலும் சரளையும் மிகுந்த கலவை, மழை படாத வெயிலிடம். மண்ணில் குச்சியைச் செருகி எடுங்கள்; அடிவரை உலர்ந்திருந்தால் மட்டுமே நீரூற்றுங்கள்.

"செடிக்கு நீர் தேவை" என்னும் விடைக்குப் புள்ளி வழங்கிவிட்டு, "எவ்வளவு? எப்போது?" என வினவும் மாணவனை அமர்த்துவது அறிவியல் கல்வியன்று. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது, மனப்பாடம் ஒழிந்ததா?

தோட்டக் கடமைப் பட்டியலில் "நீர் ஊற்று" என்பதை அழியுங்கள். "மண்ணைத் தொட்டுப் பார்" என்று எழுதுங்கள். அங்கிருந்து அறிவியல் தொடங்கட்டும்!