பாரீசிலிருந்து லண்டனுக்கு: வயதானவர்களுக்கு இரயிலே மேல்

பிள்ளைகள் பாரீசில், மைத்துனர் குடும்பம் லண்டனில் என்று இருப்பவர்கள் நம் வட்டாரத்திலும் பெருகிவிட்டார்கள். பாரீஸ் போனவர்கள், "அப்படியே லண்டனையும் பார்த்துவிட்டு வாருங்கள்" என்ற பேச்சைத் தவிர்க்க முடியாது. விமானத்தை விட்டால் தரைவழி எது நல்லது என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இடையில் இருப்பது கடல். ஆங்கிலேயர் அதை இங்கிலீஷ் சேனல் என்பார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் படித்தது 'லா மான்ஷ்', அதாவது சட்டைக்கை. அதன் அடியில் போகும் சுரங்க இரயில் பாதை 1994-இல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 50 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில்.

மலிவான வழி பஸ். எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். கலே துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுவார்கள், அல்லது சுரங்கப்பாதையில் ஓடும் இரயிலில் பஸ்ஸையே ஏற்றிவிடுவார்கள். கப்பல் பயணம் ஒன்றரை மணி நேரம். கடல் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் எல்லையில் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். இரவு பஸ் என்றால் அது நடுச்சாமத்தில் வரும். என் மனைவியின் முழங்காலை வைத்துக்கொண்டு ஒருமுறை அப்படிப் போனோம். இளைஞர்களுக்கு அது சரி. எழுபதைத் தாண்டியவர்களுக்கு அந்த மிச்சம் மிச்சமே இல்லை.

யூரோஸ்டார் இரயில் பாரீஸ் கார் து நோர் நிலையத்தில் புறப்பட்டு, இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேலாக, லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் போய்ச் சேரும். நம் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் அங்கிருந்து நடக்கிற தூரம். பிரிட்டிஷ் குடியேற்றச் சோதனையும் பாரீசிலேயே முடிந்துவிடும். மூட்டையை எடை போட மாட்டார்கள். எண்ணெய் ததும்பும் ஊறுகாய் பாட்டிலைக் கையோடு கொண்டுபோகலாம். கட்டணம்தான் கடைசி நேரத்தில் கடுமையாக ஏறும். தேதி முடிவானதும் டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியம் காகிதம். பிரான்சுக்கு வாங்கிய ஷெங்கன் விசா இங்கிலாந்துக்குச் செல்லாது. பிரிட்டிஷ் விசா தனி. திரும்பி வருவதற்கும் வழி பாருங்கள். ஷெங்கன் விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டத்தில் 01 என்று இருந்தால், லண்டன் போனவர் மறுபடி பிரான்சுக்குள் வர முடியாது. ஊர் திரும்பும் விமானமோ பாரீசிலிருந்து! 'MULT' என்பதற்குரிய பல முறை அனுமதியை விண்ணப்பத்திலேயே கேளுங்கள். புதுச்சேரிப் பக்கத்துப் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் 2025 ஏப்ரல் 2 முதல் இ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதி கட்டாயம்.

பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று விடாதீர்கள். எல்லையில் அதிகாரி கேட்பது உங்களைத்தான். பாஸ்போர்ட்டை ஒருமுறை நீங்களே கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிடுங்கள்.