நிறுத்திப் பார்ப்போம்

நிரலில் பிழை வந்தால் நம்மில் பலர் நண்பனின் நிரலைப் பார்த்தெழுதிப் பதிவேட்டை முடித்துவிடுகிறோம். விடை வந்துவிடும், பிழை எங்கே என்ற அறிவு வராது.

மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாயில் நீர் குறைந்தால், உழவர் வீட்டிலிருந்தபடி ஊகிப்பதில்லை. மடை மடையாகச் சென்று பார்க்கிறார். டீபக்கர் செய்வதும் அதுவே. 1986இல் ரிச்சர்டு ஸ்டால்மன் எழுதிய ஜி.டி.பி. இவ்வகையில் புகழ்பெற்றது. இன்டெல் வகைக் கணிப்பொறியில், நாம் நிறுத்தச் சொன்ன இடத்திலுள்ள கட்டளையின் முதல் பைட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அங்கே 204 என்னும் எண்ணை அது இடுகிறது. நிரல் அவ்விடத்தை எட்டியதும் லினக்ஸின் கருநிரல் அதனை நிறுத்தி, டீபக்கருக்குச் செய்தி சொல்கிறது. நிரல் நின்றதா, முடிந்ததா, இடையில் மடிந்ததா என்பதெல்லாம் கருநிரல் சொல்லியே டீபக்கருக்குத் தெரியும். நின்ற நேரத்தில் மாறிகளின் மதிப்பை நாம் படித்தறியலாம்.

இடையிடையே மதிப்புகளை அச்சிட்டுப் பார்த்தால் போதாதா என்பர் சிலர். அச்சிடச் சொன்னதை மட்டுமே அது காட்டும். நாம் நினையாத இடத்துப் பிழையைக் காட்டாது.

ஜி.டி.பி.க்கு விலையில்லை. ஐயம் கேட்க வீட்டில் ஆளில்லாத முதல் தலைமுறை மாணவருக்கு அது நல்ல துணை. ஆகவே ஆய்வக வகுப்புகளில் ஒன்றையேனும் இதற்கு ஒதுக்குமாறு பேராசிரியர்களை வேண்டுகிறேன். பதிவேட்டில் விடைக்கு மட்டுமன்றி, பிழையைக் கண்டறிந்த வழிக்கும் மதிப்பெண் அளித்தால், பார்த்தெழுதும் வழக்கம் தானே குறையும்.